கடற்கரை ரிசார்ட்டின் கோல்ஃப் தரைக்கு பாஸ்பலம் புல்: குமரி மண்ணில் நிற்குமா?

கடலைப் பார்த்து ரிசார்ட் கட்டுகிறவர், கோல்ஃப் விளையாடும் விருந்தினருக்காக ஒரு பட்டிங் கிரீனாவது (பந்தைக் குழிக்குள் தட்டிவிடும், ஒட்ட வெட்டிய புல்தரை) போடலாம் என்று நினைத்தால், ஒப்பந்தக்காரர் வாயில் முதலில் வரும் பெயர் பாஸ்பலம். "உப்புத் தண்ணிக்குத் தாங்கும் சார், கடல் தண்ணியே ஊத்தலாம்" என்பார். இதில் முதல் பாதியை நம்பலாம். இரண்டாம் பாதியை நம்பிப் பணத்தைப் போட்டால் ஒரே கோடையில் தரை வெளுத்துவிடும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடலிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள், உப்புக்காற்று நேராக அடிக்கும் இடத்தில், கோல்ஃப் தரைக்கு இதைவிடப் பொருத்தமான புல் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் கிடையாது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் இதற்குச் செலவழிக்க வேண்டாம். அங்கே அருகம்புல்லின் கலப்பின ரகங்களே போதும். எங்கே போட்டாலும் புல்லின் தரத்தைவிட அதன் அடியில் கிடக்கும் ஒரு அடி மணலின் தரம்தான் பெரிது. இந்த மதிப்பீட்டில் புல்லைவிட மணலைப் பற்றி அதிகம் பேசுவதற்குக் காரணம் அதுதான்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. 18 குழி கோல்ஃப் மைதானத்துக்கு 120 முதல் 150 ஏக்கர் வேண்டும். 2011 கணக்குப்படி 18.7 லட்சம் பேர் நெருக்கி வாழும் நம் மாவட்டத்தில், அதுவும் கடலோரத்தில், அத்தனை நிலம் ஒரே கையில் கிடைக்காது. இங்கே நடக்கக்கூடியது 10 சென்டில் ஒரு கிரீன், அதைச் சுற்றிச் சிப்பிங் (கிரீனுக்கு வெளியிலிருந்து பந்தைச் சிறிது தூக்கி அடிப்பது) பழக ஒரு புல்வெளி, தோப்பு பெரிதாக இருந்தால் இரண்டு மூன்று குட்டைக் குழிகள். ஆகவே கீழே வரும் கணக்கெல்லாம் 10 சென்டுக்கு, அதாவது ஏறத்தாழ 405 சதுர மீட்டருக்கு.

புல்லை அடையாளம் காண்பது

கடலோரப் பாஸ்பலம் என்பது பாஸ்பலம் வாஜினேட்டம். வெப்பமண்டலக் கடற்கரைகளிலும் உப்பங்கழி ஓரங்களிலும் இயல்பாக வளரும் புல். கோல்ஃப் மைதானத்துக்கு ஏற்ற மெல்லிய இலை ரகங்களை 1990களில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். ஸீ ஐல், சலாம், ஸீ ட்வார்ஃப், பிளாட்டினம் என்று இன்று பல ரகங்கள் உண்டு. அமெரிக்காவின் கியாவா தீவில் கடலையொட்டிய ஓஷன் கோர்ஸ் மைதானம் இந்தப் புல்லில்தான் இருக்கிறது. கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றான பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் 2012இலும் 2021இலும் அங்கே நடந்தது. பெரிய போட்டிக்கு இந்தப் புல் தாங்குமா என்ற சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

நம்மூரில் சந்தேகம் வேறு மாதிரி. பாஸ்பலம் என்று சொல்லி வேறு புல்லை ஏற்றிவிடுவது நடக்கிறது. பாஸ்பலம் இனத்திலேயே அகன்ற இலையுள்ள களைப்புல் ஒன்று உண்டு, பாஸ்பலம் கான்ஜுகேட்டம். ரப்பர் தோட்டத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைத்துக் கிடக்கும். இரண்டுக்கும் கதிர் ஆங்கில 'வி' போல இரண்டாகப் பிரியும் என்பதால் கதிரை மட்டும் பார்த்து ஏமாறலாம். களைப்புல்லின் கதிர் நூல் போல நீண்டு வளையும், இலை பென்சில் அகலம் வரும். கடலோரப் பாஸ்பலத்தின் கதிர் குட்டை, கெட்டி. இலை ஒடுக்கம், கரும்பச்சை, விரலால் தடவினால் மெழுகு பூசியது போல வழுக்கும், வெயிலில் பளபளக்கும். அருகம்புல்லில் கதிர் கைவிரல் விரித்தாற்போல் நான்கைந்தாகப் பிரியும். அதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை.

கண்ணால் பார்த்தும் தெளியவில்லை என்றால் உப்புச் சோதனை செய்யுங்கள். நர்சரியிலிருந்து ஒரு சதுர அடிப் புல் வாங்கி, அடியில் ஓட்டை போட்ட தட்டில் மணல் நிரப்பி நட்டு, ஒரு வாரம் நல்ல தண்ணீர் விட்டு வேர் பிடிக்க வையுங்கள். பிறகு லிட்டருக்கு 10 கிராம் கல்லுப்பு கரைத்த தண்ணீரை இரண்டு வாரம் விடுங்கள். களைப்புல் கருகும். பாஸ்பலம் கொஞ்சம் மந்தமாகும், நிறம் விடாது. கொரியன் புல்லும் ஓரளவு தாங்கும் என்பதால் அதை இலையின் விறைப்பை வைத்துப் பிரித்தறிய வேண்டும். உள்ளங்கையை வைத்து அழுத்தினால் குத்தும்.

மைதானத் தரமுள்ள பாஸ்பலத்தில் பெரும்பாலானவை தண்டிலிருந்துதான் வளரும், விதையில் கிடைப்பவை ஒன்றிரண்டே. எனவே எடுக்கப் போகும் தாய்ப்பாத்தியை நேரில் பாருங்கள். அதில் ஒரு முழ அகலத்துக்கு அருகு கலந்திருந்தால்கூட அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஏன் என்பது பின்னால் வருகிறது.

அடியில் ஒரு அடி

கிரீன் கட்டுவதற்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் முறை அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. 1960இல் வெளியிட்டு அவ்வப்போது திருத்தி வருவது. அடியில் வடிகுழாய், அதன் மேல் 100 மி.மீ. ஜல்லி, அதன் மேல் 300 மி.மீ. மணல். கேட்பதற்கு எளிது. பெரும்பாலான கிரீன் கெடுவது இங்கேதான்.

அடித்தரையை முதலில் கிரீன் மேற்பரப்பின் சரிவுக்கே சரித்து, இறுக்கி உருளை போட வேண்டும். நம் பக்கத்துச் சரள் மண் இதற்கு நன்றாக இறுகும். கடற்கரை மணல் மேடாக இருந்தால் ஒரு அடுக்குச் சரள் பரப்பி இறுக்குவது நல்லது. பிறகு 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, துளையிட்ட 100 மி.மீ. குழாயை மீன் முள் வடிவில் பதியுங்கள். குழாய்க்குக் குழாய் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. 200 மீட்டருக்கு ஒரு மீட்டராவது இறக்கம் வேண்டும். 10 சென்டுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் குழாய் ஆகும். குழாயின் வாய் எங்கே திறக்கிறது என்பதைக் காகிதத்தில் மட்டும் பார்க்காமல் நேரில் பாருங்கள். மணக்குடி, தேங்காப்பட்டணம் போலக் காயல் ஓரத்து நிலங்களில் மழைக்காலத்தில் தண்ணீர் மட்டம் ஏறி, வடிய வேண்டிய குழாய் வழியாகவே உள்ளே வரும். அப்படிப்பட்ட இடத்தில் கிரீனையே அரை மீட்டர், ஒரு மீட்டர் உயர்த்திக் கட்டாமல் வேறு வழியில்லை.

ஜல்லி 6 மி.மீ. சிப்ஸ், கழுவியது. 10 சென்டுக்கு 40 கன மீட்டர், அதாவது 14 யூனிட் சொச்சம் (ஒரு யூனிட் 100 கன அடி). வீட்டு வேலைக்கு வந்த முக்கால் ஜல்லி மிச்சம் கிடக்கிறது என்று அதைப் போட்டால் மேலே இருக்கும் மணல் இடுக்குகளில் இறங்கி ஓடிவிடும், இரண்டு வருடத்தில் கிரீனில் பள்ளம் பள்ளமாக விழும். மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவில் துணி விரிக்கச் சொல்லுவார்கள். விரிக்காதீர்கள். நுண்தூசி அந்தத் துணியில்தான் போய் அடைக்கும், அடைத்தபின் தோண்டி எடுக்காமல் சரிசெய்ய முடியாது.

இனி மணல். நூற்றுக்கு அறுபது பங்காவது கால் மி.மீ.க்கும் ஒரு மி.மீ.க்கும் இடைப்பட்ட மணியாக இருக்க வேண்டும். 2 மி.மீ.க்கு மேற்பட்டது 3 சதவீதத்துக்குள், வண்டல் 5 சதவீதத்துக்குள், களி 3 சதவீதத்துக்குள். 300 மி.மீ. உயரத்துக்கு 121 கன மீட்டர், 43 யூனிட். இறுகும்போது தாழும் என்பதால் 50 யூனிட் சொல்லி வையுங்கள்; அதே மணலில் கொஞ்சம் மூடி வைத்தால் பின்னாளில் மேல்மண் தூவ உதவும்.

மணல் எங்கிருந்து? வாசலிலேயே கடற்கரை இருக்கிறதே என்று கை நீளும். அது மூன்று காரணங்களால் ஆகாது. ஒன்று, சட்டம்: மணவாளக்குறிச்சி வட்டாரத்து மணலில் இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்கள் இருக்கின்றன, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் இருக்கின்றன, அனுமதியில்லாமல் ஒரு வண்டி எடுத்தாலும் குற்றம். இரண்டு, அந்தக் கறுப்பு மணல் வெயிலில் கொதிக்கும், இளவேர் வெந்துவிடும். மூன்று, சிப்பித்தூள் கலந்திருப்பதால் பி.எச். (காரத்தன்மை) ஏறி, இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் புல் மஞ்சளாகும். எஞ்சுவது எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல். கான்கிரீட்டுக்கு வரும் எம்-சாண்டில் 4.75 மி.மீ. வரை பெரிய மணி இருக்கும், கூடவே கல் தூசியும் இருக்கும். அதை 2 மி.மீ. சல்லடையில் சலித்து, தண்ணீரில் கழுவித்தான் போட வேண்டும். பூச்சு வேலைக்கு வரும் பி-சாண்டைத் தொடவே கூடாது, தூசி அதிகம்.

லோடு இறங்கும் முன்பு ஒரு பாட்டில் சோதனை போதும். கண்ணாடிப் பாட்டிலில் 10 செ.மீ. உயரம் மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு இரவு அசையாமல் வையுங்கள். காலையில் மணலுக்கு மேல் சேறு போலப் படிந்த படலம் அரை செ.மீ.க்கு மேல் இருந்தால் லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். டிரைவர் கோபப்படுவார், பரவாயில்லை.

மணலில் தண்ணீர் பிடிக்க நூற்றுக்குப் பத்துப் பங்கு தேங்காய் நார்த்தூள் கலக்கலாம், 10 சென்டுக்கு 12 கன மீட்டர். இது நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் நல்ல பொருள். ஆனால் கதம்பலை (தேங்காய் மட்டையை) உப்பங்கழியில் ஊறப்போட்டு அடித்த தூளில் உப்பு இருக்கும். ஒரு பிடி தூளை இரண்டு பங்கு நல்ல தண்ணீரில் கலக்கிப் பிழிந்து டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பை பி.பி.எம்.மில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று காட்டும் கருவி) விட்டுப் பாருங்கள். நீங்கள் ஊற்றிய தண்ணீரைவிட 500க்கு மேல் ஏறினால் இன்னும் கழுவ வேண்டும். கலப்பதைக் கிரீனில் வைத்துச் செய்யாமல் வெளியே மிக்ஸ் பண்ணிக் கொண்டுவந்து கொட்டுங்கள். உள்ளே வைத்துக் கிளறினால் ஒரு இடத்தில் தூளும் ஒரு இடத்தில் வெறும் மணலுமாகி, பிற்பாடு திட்டுத் திட்டாகக் காயும்.

இவ்வளவும் சரியாக நடந்ததா என்பதைக் குழி வெட்டும் அன்று தெரிந்துகொள்ளலாம். கோல்ஃப் குழிக்கு 108 மி.மீ. விட்டம். அந்த அளவில் ஒரு இரும்புக் குழாயைத் திருகி இறக்கி மேலே தூக்கினால் கேக் துண்டு போல ஒரு உருளை மண் வரும். அதைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துப் பாருங்கள். மேலே விரலளவு பச்சை, அதன் கீழ் வெள்ளை வேர் அடர்ந்த மணல், ஈர வாசனை மட்டும் வந்தால் நல்லது. நடுவில் கறுப்புக் கோடு ஓடி, அழுகிய முட்டை வாடை அடித்தால் காற்றுப் போகாமல் மணல் அடைத்திருக்கிறது. எந்த உரமும் அதைச் சரிசெய்யாது.

தண்ணீர்

பாஸ்பலத்தின் பெயரே இதில்தான். அருகம்புல் மண்ணில் 6.9 டெசிசீமன்ஸ் (மின்கடத்தலை வைத்து உப்பை அளக்கும் அலகு) உப்பு வரை, பாய்ச்சும் தண்ணீர்க் கணக்கில் 4.6 டெசிசீமன்ஸ், ஏறக்குறைய 2,900 பி.பி.எம்., விளைச்சல் குறையாமல் தாங்கும் என்பது ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் கணக்கு. பாஸ்பலத்தின் நல்ல ரகங்கள் அதைவிட வெகுதூரம் தாங்கும். கடல் நீரோ லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதில் புல் சில நாள் சாகாமல் நிற்பது வேறு, மூன்று மி.மீ. உயரத்தில் வெட்டியபடி வருடம் முழுக்க அடர்ந்து வளர்வது வேறு. நடும்போது நல்ல தண்ணீர் கட்டாயம், 1,000 பி.பி.எம்.முக்குள் இருந்தால் வேர் தடையில்லாமல் பிடிக்கும்.

கோடையில் ஒரு நாளுக்கு 5 மி.மீ. தண்ணீர் தேவை. சென்டுக்கு 200 லிட்டர், 10 சென்டுக்கு 2,000 லிட்டர். கிணற்றுத் தண்ணீரை ஜனவரியில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கடலோரக் கிணறுகளில் மே மாதத்தில் உப்பு ஏறும். மாதம் ஒரு முறை டி.டி.எஸ். பார்த்து நோட்டில் எழுதுங்கள். 2,000 பி.பி.எம். தண்ணீர் என்றால் தேவையைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக விட்டு உப்பைக் கீழே தள்ள வேண்டும். அதைத் தினமும் சிறிது சிறிதாக விடுவதில் பயனில்லை. பத்து நாளைக்கு ஒரு தடவை, இரவில், வழக்கமான 2,000 லிட்டருக்கு மேல் இன்னொரு 2,000 லிட்டரை நான்கு தவணையாகப் பிரித்து விடுங்கள். விடியற்காலையில் கிரீன் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. அந்த இடத்துக்கு ஸ்பிரிங்ளர் எட்டவில்லை அல்லது அங்கே வடிகால் அடைத்திருக்கிறது என்று பொருள்.

ஆனி ஆடிக் காற்றில் ஸ்பிரிங்ளர் வைத்தால் பாதித் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். அதிகாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் காற்று தணிந்திருக்கும் நேரம்தான் சரி. மாலையில் விட்டால் இலை இரவு முழுக்க நனைந்திருந்து பூஞ்சை வரும்.

ரிசார்ட்டின் கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீர் இதற்கு மிக நல்ல வழி. ஆளுக்கு 135 லிட்டர் கணக்கில் 20 பேர் தங்கினால், அதில் நூற்றுக்கு எண்பது திரும்பி வரும், 2,160 லிட்டர். கிரீனின் ஒரு நாள் தேவை அதிலேயே முடிகிறது. அதில் தழைச்சத்து இருப்பதால் உரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். போர் போடும் எண்ணம் இருந்தால், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்துக்கும் நிலத்தடி நீருக்கும் கட்டுப்பாடுகள் உண்டு என்பதை மறக்காதீர்கள். வடிகுழாய் பதிக்கும் முன்பே அனுமதி விஷயத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

நடுவதும் வெட்டுவதும்

நட நல்ல காலம் தை பிறந்ததும். வடகிழக்கு மழை ஓய்ந்து, கிணற்றில் நல்ல தண்ணீர் நிறைந்து, வெயிலும் ஏறத் தொடங்கியிருக்கும். இடவப்பாதிக்கு (ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழைக்கு) ஒட்டி முன்னால் நட்டால் முதல் பெருமழையே மணலோடு தண்டையும் வாரிக்கொண்டு போகும். ஒரு சதுர மீட்டர் புல்லைப் பிரித்தால் எட்டு முதல் பத்துச் சதுர மீட்டருக்கு நடலாம். 10 சென்டுக்கு 40 முதல் 50 சதுர மீட்டர் தாய்ப்புல். தண்டை 10 செ.மீ. இடைவெளியில், இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, மேலே உருளை போடுங்கள். முதல் இரண்டு வாரம் நாளுக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். மூன்றாவது வாரம் 20 மி.மீ. உயரத்தில் முதல் வெட்டு, பிறகு பல வெட்டுகளில் 12, 8, 5 என்று படிப்படியாக இறக்கம். இரண்டிலிருந்து மூன்று மாதத்தில் மூடிவிடும். எப்போதும் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வெட்டில் எடுக்காதீர்கள்.

போட்டி மைதானத்தில் கிரீன் 3 முதல் 4 மி.மீ. வெட்டுவார்கள். ரிசார்ட்டுக்கு 5 மி.மீ. போதும், பந்து நன்றாகவே ஓடும், புல்லும் பிழைக்கும். இதற்குச் சிலிண்டர் மோவர் (உருளையில் பிளேடு சுழன்று கத்தரி போல வெட்டும் கருவி) வேண்டும். வீட்டுப் புல்வெளிக்கு விற்கும் ரோட்டரி மோவர் 20 மி.மீ.க்குக் கீழே சுத்தமாக வெட்டாது. பாஸ்பலத்தின் இலை மெழுகும் நாருமாக இருப்பதால் பிளேடு மழுங்கினால் வெட்டுப்படாமல் கிழியும். வெட்டி முடித்த மறுநாள் ஒரு இலையைக் கிள்ளி எடுத்துப் பாருங்கள்: நுனி நேராக இருந்தால் பிளேடு சரி, வெள்ளை நார் பிரிந்து தொங்கினால் சாணை பிடிக்க வேண்டும். அரை மீட்டர் அகல மோவரில் 10 சென்ட் ஒரு தடவை வெட்ட 800 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், மழைக்காலத்தில் தினமும். அந்த ஆளின் கூலியை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் புல்லில் பணம் தொடர்ந்து போவது இங்கேதான்.

உரத்தில் பாஸ்பலம் சிக்கனம். வருடத்துக்கு 10 சென்டுக்கு 8 கிலோ நைட்ரஜன், அம்மோனியம் சல்பேட்டாக 40 கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒன்றரைக் கிலோ. அதே அளவு பொட்டாஷ் வேண்டும், அதையும் பொட்டாசியம் சல்பேட்டாகவே கொடுங்கள். மியூரேட் ஆஃப் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது, உப்பு நிலத்துக்கு அது மேலும் சுமை. பச்சை ஏறட்டும் என்று யூரியாவை வாரிப் போட்டால் புல் மெத்தை போலப் பொங்கும், மோவர் ஏறியதும் மொட்டையாகப் பழுப்புத் திட்டு விழும். மஞ்சளாக இருந்தால் முதலில் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரும்புக் குறைதான்.

மே மாத முதல் வாரத்திலும் செப்டம்பரிலும் துளைபோடும் கருவியால் மண் உருளைகளை எடுத்து, அதே மணலைத் தூவி நிரப்புங்கள். ஒரு மி.மீ. மேல்மண் என்றால் 10 சென்டுக்கு 14 கன அடி. மூன்று வாரத்தில் தழும்பு மறையும்.

கெடுக்கும் ஆட்கள்

முதல் எதிரி அருகு. பாஸ்பலத்துக்குள் நம் நாட்டு அருகு புகுந்தால் நிறம், உயரம், பந்து ஓடும் வேகம் எல்லாம் மாறிக் கிரீன் ஒட்டுப்போட்ட துணியாகிவிடும். ஒன்றைக் கொன்று மற்றதை விடும் மருந்து சுலபமில்லை. கைப்பிடி அளவில் தெரியும்போதே குழி வெட்டும் குழாயால் வேரோடு எடுத்து, நர்சரிப் பாத்தியிலிருந்து பாஸ்பலத் துண்டை அந்த இடத்தில் பொருத்திவிடுங்கள். அதற்காகவே ஓரமாகக் கால் சென்ட் பாஸ்பலம் தனியே வளர்ப்பது புத்திசாலித்தனம். அகல இலைக் களைகளுக்கு அடர்ந்த உப்புக் கரைசலைத் தொட்டு வைத்தாலே போதும், அது இந்தப் புல்லுக்கே உரிய வசதி. கோரைக்கு உப்பு பலிக்காது, கிழங்கு அடியில் இருக்கும். ஹாலோசல்ஃப்யூரான் மருந்தை லேபிளில் சொன்ன அளவில் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது பூஞ்சை. பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வைக்கோல் நிறத்தில் வட்டங்கள், விடியலில் அவற்றின் மேல் சிலந்தி வலை போல வெள்ளை நூல்: இது டாலர் ஸ்பாட். புல் பட்டினியாக இருந்து, பனி வெகுநேரம் இலையில் நின்றால் வரும். காலையில் நீண்ட மூங்கில் கம்பால் பனியைத் தட்டிவிட்டு, அரை டோஸ் நைட்ரஜன் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் மட்டும் புரோப்பிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி.

திடீரென்று கொக்குகள் கிரீனில் கூடினால் படைப்புழு வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மண் பொதபொதவென்று மேடு தட்டினால் பிள்ளைப்பூச்சி. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மேசைக்கரண்டியை 8 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் பூச்சி மேலே ஏறி வரும். எண்ணிப் பார்த்துவிட்டு மருந்து தேவையா என்று முடிவு செய்யலாம், கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டியதில்லை.

தென்னை விளைக்கு நடுவில் கிரீன் போட ஆசைப்படுகிறவர்களுக்கு: படத்தில் மிக அழகாக இருக்கும், புல் ஒத்துக்கொள்ளாது. ஆறேழு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நிழலில் தண்டு நீண்டு, புல் நலிந்து, பாசி பிடிக்கும். விழும் நெற்றும் மட்டையும் கிளாஞ்சிலும் தரையைக் குழிபறிப்பது தவிர ஆளுக்கும் ஆபத்து. கடைசி மர வரிசையிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி, கிழக்கு வெயில் மறையாத பக்கமாகக் கிரீனை வையுங்கள். பின்னணியில் தென்னை தெரிந்தால் போதும்.

செயற்கைப் புல்லோடு ஒப்பிடச் சொன்னால்: வராந்தாவில், கூரைக்கு அடியில் பட்டிங் பழக அது போதும். வெளியில் போட்டால் நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாத சூடு, உப்புத்தூசி, மணல் வேறு. கடலைப் பார்த்த திறந்த வெளிக்கு அதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

உள்நாட்டுப் பக்கம் அருகின் கலப்பினங்கள் ஏன் போதும் என்றால், அவை சோதித்துத் தேறியவை. ஜார்ஜியாவின் டிஃப்டன் ஊரில் உருவான டிஃப்வே 1960இலும் டிஃப்ட்வார்ஃப் 1965இலும் வந்தன. விதை பிடிக்காத கலப்பினம், ஆகவே தண்டு நடவுதான். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகின் உறவுதான் உலகத்தின் எத்தனையோ வெப்பநாட்டு மைதானங்களில் கிடக்கிறது. நல்ல தண்ணீரும் முழு வெயிலும் இருந்தால் அது பாஸ்பலத்தைவிட வேகமாகப் புண்ணை ஆற்றும், வெட்டவும் இலகு. உரம் மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு கேட்கும்.

கடைசியாகப் புயலும் கடல் ஏற்றமும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் மாவட்டத்தின் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாத நாளுக்காக 6,000 லிட்டர் தொட்டி, மூன்று நாள் தண்ணீர், மேலே நிற்க வேண்டும். புயல் முடிந்ததும் முதல் வேலை இலையில் படிந்த உப்பைப் பத்து நிமிடம் நல்ல தண்ணீரால் கழுவுவது. கடல் நீரே ஏறி நின்றுவிட்டால் கணக்கு பெரிது: ஒரு அடி மணலிலிருந்து உப்பில் நூற்றுக்கு எண்பதை வெளியேற்ற ஒரு அடி உயர நல்ல தண்ணீர் வேண்டும். 10 சென்டுக்கு 1,21,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் பத்து நடை. ஒரு வாரத்துக்குள் இதைச் செய்தால், வடிகால் திறந்திருந்தால், பாஸ்பலம் மீண்டும் துளிர்க்கும்; வேறு எந்தக் கோல்ஃப் புல்லுக்கும் இந்த உறுதியை நாங்கள் கொடுக்கமாட்டோம். அதனால் மதில் கட்டும்போதே, லாரி கிரீன் வரைக்கும் வந்து திரும்பும்படி நான்கு மீட்டர் அகலத்தில் ஒரு பாதையையும் கேட்டையும் விட்டு வையுங்கள்.